சபராளியின் சோறு

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு தமிழர் கடைக்குப் போய் ஊர் அரிசி வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் கை காட்டுவது பெரும்பாலும் பொன்னி மூட்டையாகத்தான் இருக்கும். காவிரிக்கு இன்னொரு பெயர் பொன்னி. வாங்கிப் போகிறவர் டெல்டாவையே மூட்டை கட்டித் தூக்கிப் போவதாக நினைத்துக்கொள்கிறார். நெல்லின் வரலாறோ வேறு மாதிரி இருக்கிறது. 1950களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, இண்டிகா நெல்லையும் ஜப்பானிகா நெல்லையும் கலக்கும் திட்டம் ஒன்றைக் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து ஆசிய நாடுகளுக்காக நடத்தியது. தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் 80 ஆகிய இரண்டையும் கலந்து வந்த இனம் மலாயா வயல்களில் தேறி, 1965இல் மசூரி என்ற பெயரில் வெளியானது. லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் ஒரு பெண்ணின் பெயர் அது. அதே கலப்பின் வழியில் வந்த நெல்லைத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெள்ளைப் பொன்னியாக வெளியிட்டது. மலேசியாவில் இருந்துகொண்டு தஞ்சாவூர்க்காரர் ஏங்குவது, பாதி மலாய் ரத்தம் ஓடும் நெல்லுக்கு. பொன்னி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு மலேசிய நிறுவனத்துக்கும் இந்திய அமைப்புகளுக்கும் 2010ஐ ஒட்டி மலேசிய நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது.

இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். இரண்டுக்கும் அவசியம் இல்லை. அந்தத் தஞ்சாவூர்க்காரரின் ஏக்கத்தில் பொய் எதுவும் கிடையாது. ஊர்ச்சுவை என்று நாம் சொல்வது ஊருக்குள்ளேயே விளைந்து, ஊருக்குள்ளேயே வெந்த பண்டம் என்ற எண்ணம்தான் பிழை. அது போகவும் வரவுமாக இருந்த மனிதர்களால் ஆனது. பிரிந்திருப்பவர் தேடுவதும் பண்டத்தை மட்டும் அல்ல. இந்த இரண்டையும் நாகூரில் பார்ப்பதுபோல் வேறு இடத்தில் தெளிவாகப் பார்ப்பது கடினம்.

வெட்டாறு கடலில் கலக்கும் இடம் நாகூர். தெற்கே கூப்பிடு தூரத்தில் நாகப்பட்டினம், வடக்கே காரைக்கால், முதுகுப்புறம் முழுக்க நெல்வயல். வயலைப் பார்த்துத் திரும்பி நின்ற டெல்டா ஊர்களுக்கு நடுவே கடலைப் பார்த்து நின்ற ஊர். ஆங்கிலேயர் மலாய்க் கரையில் கொடி நாட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்கள் துணி மூட்டைகளோடு கெடா, அச்சே, மலாக்கா என்று போய் வந்துகொண்டிருந்தார்கள். மலாய்க் கரையில் அவர்களைச் சூலியா என்று அழைத்தார்கள். 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அங்கே முதலில் கடை விரித்தவர்களில் அவர்களும் உண்டு. 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. சிங்கப்பூரில் 1820களில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், அதை அடுத்து தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டினார்கள். பினாங்கிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில்தான். மற்ற இரண்டிலும் அடக்கம் எதுவும் இல்லை, நினைவு மட்டும்தான். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மனோரா கோபுரத்தைக் கடலிலிருந்து கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனவர்கள், போன இடத்தில் அந்தத் தர்காவின் சாயலில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தர்கா போனால் கூடவே கந்தூரி விழா போகும். கந்தூரி போனால் சோறு போகும்.

நாகூர்ச் சாப்பாட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். குழம்பை இங்கே ஆணம் என்பார்கள்: மீனாணம், கறியாணம், ரசத்துக்குப் பதிலாகப் புளியாணம். இது வரை டெல்டா. பெருநாளைக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பம், இலங்கை முஸ்லிம்களின் பெருநாளிலும் அதே இடத்தில் இருக்கிறது. நோன்பு திறக்கக் கிண்ணத்தில் நடுங்கும் கடல்பாசி, கிழக்காசியக் கடல்களிலிருந்து மலாய்க் கரை வழியே வீட்டுக்குள் வந்த பழக்கம். சம்பல் அந்தப் பக்கத்துச் சொந்தம். நெய்ச்சோற்றில் போடும் ரம்பை இலையும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்து வெற்றிலையோடு போட்ட பாக்குகூட ஒருகாலத்தில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் துறைக்கு வந்து இறங்கியது. இது நாகூருக்கு மட்டும் உள்ள கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டின் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் ஓடும் ஜவ்வரிசிப் பாயசத்துக்கு ஜவ்வரிசி மலாயாவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றபோதுதான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள்.

சாயங்காலமானால் நாகூர்த் தெருவில் மணக்கும் வாடா மட்டும் உள்ளூர்ச் சரக்கு என்று துணிந்து சொல்லலாம். அரிசி மாவும் வெங்காயமும் சேர்ந்த மாவில் இறாலைப் பதித்து எண்ணெயில் போடுவது. வயலும் கடலும் ஒரே வாணலியில்! வெளிநாட்டில் இருக்கும் நாகூர்க்காரர் யாரிடமாவது வாடா என்ற சொல்லை மட்டும் உச்சரித்துவிட்டு முகத்தைப் பாருங்கள், இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி தேவைப்படாது.

பிறகு வந்தது கப்பல் காலம். 1926இல் கட்டிய ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தோட்டத் தொழிலாளி, வட்டிக்கடைக்காரர், ஓலைப்பெட்டியோடு போன பதினைந்து வயதுப் பையன் எல்லாருக்கும் அதே கப்பல், அதே தளம். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. கப்பலில் எடையைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. விமானம் வந்த பிறகுதான் முப்பது கிலோவுக்குள் ஒரு வீட்டை அடக்கும் கலையை நம் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்கள்.

கப்பலேறிப் போனவர்களின் சோற்றுப் பிடிவாதத்தைப் பற்றி மருத்துவ வரலாற்றில் ஒரு பக்கம் இருக்கிறது. தமிழில் அதை யாரும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவில் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். தகரச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்தான் பெருவாரியாக மாண்டார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அதைவிட மோசமான குடிசைகளில் இருந்த தமிழர்களை நோய் பெரும்பாலும் தொடவில்லை. காரணம் என்ன? நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற மருத்துவர் அரிசிப் பானையைச் சந்தேகித்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. 1907இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அதற்குச் சற்று முன்பு கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் அங்கிருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலரிசியும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் பலர் நோயில் விழுந்தார்கள், இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் புதிதாக நோய் தலைகாட்டவில்லை. அப்பாவிகளை வைத்து இப்படிச் சோதனை செய்வதை இன்று எந்த மருத்துவக் குழுவும் அனுமதிக்காது. அன்றைக்குக் கேட்பார் இல்லை.

பிராடன், பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று நம்பினார். அது தவறு. ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் 1909 வாக்கில் விஷயத்தை நெருங்கினார்கள்: அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்று இல்லாததுதான் நோய். 1926இல் ஜாவாவில் இருந்த டச்சு ஆய்வாளர்கள் அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதைத் தயமின், வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. டெல்டாவில் நெல் அவித்த பெண்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சரிசிச் சோறு வயிற்றில் நிற்காது, பழைய சோற்றுக்குச் சரிப்படாது என்பதுதான். மலாயாவில் மலிவாக வெள்ளை அரிசி கிடைத்த இடத்தில், எங்களுக்கு எங்கள் அரிசிதான் வேண்டும் என்று நின்ற பிடிவாதம் பல்லாயிரம் உயிரைக் காப்பாற்றியது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாக்கின் பிடிவாதம் எப்போதும் நல்லது என்று ஆகிவிடும். அப்படி இல்லை. டேவிட் அட்கின் என்ற பொருளியலாளர் 1980களின் இந்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோன குடும்பங்களை ஆராய்ந்தார். 2016இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு மனதை உறுத்துகிறது. குடிபெயர்ந்தவர்கள், பக்கத்து வீட்டு உள்ளூர்க்காரர்களைவிட ஒரு ரூபாய்க்குக் குறைந்த கலோரியே வாங்குகிறார்கள். அந்த ஊரில் மலிவாகக் கிடைக்கும் தானியத்தை விட்டுவிட்டு, விலை கூடிய சொந்த ஊர்த் தானியத்தையே தேடுகிறார்கள். வயிறு நிறையாத ஏழைக் குடும்பங்களும் இதைச் செய்கின்றன. கணவன் மனைவி இருவருமே வெளியூரிலிருந்து வந்தவர்களாக இருந்தால் இந்தப் போக்கு இன்னும் வலுக்கிறது. ஒருவர் ஏங்கினால் சமாளிக்கலாம். அடுப்பின் இரண்டு பக்கமும் ஏக்கம் இருந்தால் உள்ளூர்ச் சமையலுக்கு இடம் ஏது?

அப்படியானால் இந்தப் பிடிப்பு எங்கிருந்து தொடங்குகிறது? பிறப்பதற்கு முன்பே என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஜூலி மெனெல்லா என்ற அமெரிக்க ஆய்வாளர், கர்ப்பிணிகள் சிலரையும் பாலூட்டும் தாய்மார்கள் சிலரையும் கேரட் சாறு குடிக்க வைத்தார். குழந்தைக்குத் திட உணவு கொடுக்கும் காலம் வந்ததும், அந்தப் பிள்ளைகள் கேரட் மணம் சேர்ந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. 2001இல் வெளியான ஆய்வு. தாய் தின்னும் உணவின் மணம் பனிக்குட நீருக்கும் பாலுக்கும் போகிறது. நாகூர்ப் பிள்ளைக்குப் பெருஞ்சீரகமும் பூண்டும் கருவாடும் முதன்முதலில் அறிமுகமாவது உம்மாவின் வயிற்றில். மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் ஓர் இடைநிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். மணத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேர்வழி. அபுதாபி சந்து ஒன்றில் யாரோ மீன் பொரிக்கும் வாசனை வந்ததும், காரணம் புரிவதற்கு முன்பே கண் கலங்குவது இதனால்தான்.

ஏங்கிய உணவு கிடைத்துவிட்டால் மனம் ஆறுமா? இங்கே ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, எனக்குச் சுவையாகப் படுவதும் இந்த மோதல்தான். 2011இல் ட்ரொய்சி, காப்ரியேல் என்ற இருவர், ஆறுதல் தரும் உணவு என்று ஒருவர் கருதுவது அவருக்கு நெருங்கிய மனிதர்களின் நினைவோடு பின்னியிருக்கிறது என்று காட்டினார்கள். கோழி சூப்பை அப்படிக் கருதியவர்களுக்கு, அதைக் குடித்த பிறகு உறவு தொடர்பான சொற்கள் சட்டென்று மனதில் வந்தன. உறவுகளில் உறுதியான பிடிப்பு உள்ளவர்களுக்கு அந்த உணவைப் பற்றி எழுதுவதே தனிமையைக் குறைத்தது. 2014இல் ட்ரேசி மான் குழுவினர் வேறு மாதிரி செய்தார்கள். சோகமான படத்தைக் காட்டி மனத்தைக் கெடுத்துவிட்டு, சிலருக்கு அவரவருக்குப் பிடித்த ஆறுதல் உணவும், சிலருக்கு வேறு உணவும் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவுமே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் ஒரே அளவில் மனம் தெளிந்தது. பிடித்த பண்டம் தனியாக எதையும் சாதிக்கவில்லை.

இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்து தின்னும் பிடித்த பண்டம் வெறும் பண்டம்தான். அது யாரை நினைவில் கொண்டுவருகிறது, யாரோடு பகிரப்படுகிறது என்பதில்தான் அதன் வேலை. நாகூரும் காரைக்காலும் அதிராம்பட்டினமும் இதற்கு ஒரு வடிவமே வைத்திருக்கின்றன: சஹன். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து உண்பது. கறித்துண்டு யார் பக்கம் தள்ளப்படுகிறது என்பதில் மரியாதையும் பாசமும் வாக்குவாதமும் எல்லாம் உண்டு. வெளிநாட்டில் கல்யாண நெய்ச்சோற்றுக்கு ஏங்குகிறேன் என்கிறவருக்குக் கறியும் தாளிச்சாவும் அங்கேயும் கிடைத்துவிடும். எதிரே உட்கார்ந்து கறியைத் தள்ளிவிடும் மூன்று கைகள்தான் கிடைக்காது.

இப்படி ஏங்கியவர்களின் பசிதான் பினாங்கில் ஒரு தேசிய உணவைப் பெற்றெடுத்தது. தோளில் காவடித் தண்டு, ஒருபக்கக் கூடையில் சோறு, மறுபக்கம் கறிச்சட்டி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் விடியலில் துறைமுகத்துக்குப் போய்க் கூலிகளுக்குச் சோறு போட்டார்கள். இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்தவர்களும் தஞ்சைக் கடற்கரையினரும் இதில் உண்டு. நாசி கண்டார் என்று இன்று மலேசியா முழுதும் கொண்டாடும் உணவு இதுதான். 1907இல் பினாங்கில் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்னும் நடக்கிறது. ஒரே சோற்றின்மேல் கோழி ஆணம், மீன் ஆணம், பருப்பு என்று எல்லாவற்றையும் வெள்ளமாக ஊற்றச் சொல்லித் தின்பது அங்கே வழக்கம். நாகூர் உம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் லண்டனிலும் மெல்பர்னிலும் படிக்கும் மலாய், சீன மாணவர்கள் இன்று ஊர் நினைவில் ஏங்குவது இந்தச் சோற்றுக்கு. அவர்களுடைய ஊர்ச்சுவை, நம்முடைய ஆட்களின் ஏக்கத்தில் சமைத்தது. எதிர்த்திசையிலும் நடக்கிறது. பினாங்கில் முப்பது வருஷம் இருந்துவிட்டு நாகூருக்குத் திரும்பிய பெரியவர்கள், வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மீ கோரெங் நூடுல்ஸும் தே தாரிக் தேநீரும் கேட்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதை வியாதி என்றே நினைக்கிறார்கள்.

எண்ணெய் விலை ஏறிய 1970களுக்குப் பிறகு கப்பலின் முகம் மேற்கே திரும்பியது. வெளிநாடு போவதற்கு இங்கே சபர் என்று பெயர், போகிறவர் சபராளி. துபாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நாகூர் எழுத்தாளர் ஆபிதீன் தன் கதைகளில் இந்தச் சபராளிகளைக் கேலியும் கண்ணீருமாக எழுதியிருக்கிறார். 2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு, அடுத்தது ஐக்கிய அரபு அமீரகம். பெண்கள் அதில் சிறுபான்மை. இந்தக் கடைசித் தகவலைச் சோற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மலாயாவுக்குப் போனவர்களில் பலர் ஒரு கட்டத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டார்கள், அல்லது அங்கேயே ஒரு குடும்பத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூர் விடுதிகளுக்கும் போகிற தொழிலாளிக்கு அந்த வழி அடைத்திருக்கிறது. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டாமல் மனைவி மக்களுக்கு விசா கிடையாது. ஆறு பேர், எட்டுப் பேர் ஓர் அறையில். சமையலுக்கு முறை வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒரு மெஸ். கிருஷ்ணேந்து ராய் 2004இல் அமெரிக்க வங்காளிகளைப் பற்றி எழுதிய நூலில், காலைச் சாப்பாட்டை அந்நியப் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்தவர்கள் இராச் சோற்றை மட்டும் வங்காளச் சோறாகவே காப்பாற்றிக்கொண்டதைக் காட்டுகிறார். அந்த வீடுகளில் இரவில் சமைக்க மனைவி இருந்தார். பேச்சிலர் அறையில் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்ற வேண்டிய வேளை வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றுதான். அன்றைக்குத்தான் ஜும்ஆ முடிந்து வந்து கறியாணம் வைப்பார்கள்.

சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் நிலைமை இன்னும் மோசம். பலருக்கு ஒப்பந்தக்காரரின் பொட்டலச் சோறு. நள்ளிரவில் சமைத்து, விடியலில் வந்து சேர்ந்து, வேலையிடத்தின் வெயிலில் காத்திருந்து, மதியம் திறக்கும் சோறு. அது கெட்டுப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகள் பூட்டப்பட்டபோது இந்தச் சோறு வெளியுலகின் கண்ணில் பட்டது; புகார்கள் எழுந்து, அரசு உணவு ஏற்பாட்டில் தலையிட வேண்டியதாயிற்று. அந்த வாரங்களில் பேசப்பட்டவை பெரும்பாலும் அளவும் சுகாதாரமும்தான். தமிழனுக்கும் வங்காளதேசத்தவனுக்கும் ஒரே குழம்பை ஊற்றுவது குறைபாடு என்றுகூடப் பலருக்குத் தோன்றவில்லை.

நோன்பு மாதம் வந்தால் மட்டும் காட்சி மாறும். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி, மேலே தேங்காய்ப்பால். நோன்புக் கஞ்சி அரபு நாட்டுப் பள்ளிவாசல்களின் பழக்கம் அல்ல. அது தமிழ் முஸ்லிம்களுடையது. தமிழ்நாட்டில் இதற்கென்று அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. சிங்கப்பூரின் தமிழ்ப் பள்ளிவாசல்களில் பெரிய அண்டாவில் காய்ச்சி ஊற்றுகிறார்கள். துபாயில் ஊர்ச் சங்கங்கள் ஏற்பாடு செய்கின்றன. வருஷம் முழுக்கப் பேரீச்சையும் மந்திச் சோறும் கிடைக்கும் நாட்டில், ஒரு கிண்ணம் கஞ்சிக்காக வேலை முடிந்து பஸ் மாறி மாறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ரொய்சியும் மானும் சொன்ன இரண்டும் இங்கே ஒன்றாக நிற்கின்றன. அதே கஞ்சியைப் பொட்டலம் கட்டி அறைக்கு அனுப்பினால் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள்.

பார்சலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. விடுமுறை முடிந்து திரும்புகிற ஒருவரிடம் தெருவே சாமான் கொடுத்துவிடும். வறுத்து அரைத்த மசாலா, மாசி, கருவாடு, ஓட்டுமாவு, ஊறுகாய். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பார்த்துவரும் வேலை இது. அதற்குச் சம்பளமும் கிடையாது, கணக்கும் கிடையாது. அவர்கள் அனுப்பும் எடையை எந்தக் கணக்கெடுப்பும் கேட்டதில்லை. ஆண்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கேட்காத கணக்கெடுப்பே கிடையாது. சுங்கக்காரரிடம் மட்டும் ஒரு கணக்கு உண்டு. குருமாவுக்கு அரைத்துவிடும் கசகசா நமக்கு மளிகைச் சாமான். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தடைப்பொருள். ஒரு கைப்பிடி கசகசாவால் பிள்ளை கம்பி எண்ண நேரும் என்பதைப் பல உம்மாக்கள் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

அந்தப் பார்சலைப் பிரிக்கும் பிள்ளைக்கு ஆணம் வைக்கத் தெரியாது என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது. பதினெட்டு வயதுவரை அவனை அடுப்பங்கரைப் பக்கமே விடாமல் வளர்த்து, பத்தொன்பதில் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்கிறோம். சபராளியின் ஏக்கத்தில் ஒரு பங்கு பிரிவால் வருவது. அதை யாராலும் தீர்க்க முடியாது. இன்னொரு பங்கு தன் கையால் எதையும் செய்துகொள்ளத் தெரியாத இயலாமையால் வருவது. அதை நாமாகச் சேர்த்துக் கட்டி அனுப்புகிறோம். இந்திய வெளியுறவு அமைச்சகம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் புறப்படும் முன் பயிற்சி நடத்துகிறது. அந்நிய நாட்டுச் சட்டம், பழக்கவழக்கம் எல்லாம் அதில் உண்டு. தமிழக அரசுக்கும் அயலகத் தமிழர் நலனுக்கென்று ஒரு துறை இருக்கிறது. விடுதிச் சோற்றுக்கு ஒரு தரம் கேட்டுப் பேசுவது அந்த இரண்டின் வேலை. தொழிலாளி கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு அடுத்த வரியாகச் சாப்பாடு இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. விசா வருவதற்கு எப்படியும் சில வாரம் ஆகும். அதற்குள் பையனுக்குச் சோறு வடிக்கவும் புளியாணம் வைக்கவும் மீன் கழுவவும் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.